காது நன்றாகக் கேட்கிறது, ஒற்றெழுத்து மட்டும் விழுந்துபோகிறது: ஒலியறிவுக்கும் டிஸ்லெக்சியாவுக்கும் என்ன தொடர்பு?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. தமிழ்வழியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். அப்பத்தா சொன்ன கதையை மறுநாள் ஒரு வரி விடாமல், ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்வான். கணக்கில் தடுமாற்றம் இல்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் ஐந்து வரியுள்ள ஒரு பத்தியை வாசித்து முடிக்க அவனுக்குப் பத்து நிமிடம் ஆகிறது, முடிக்கும்போது நெற்றி வியர்த்திருக்கும்.

சொல்வதெழுதுதல் ஏட்டைத் திறந்தால் எல்லாம் சிவப்பு மைதான். கப்பல் 'கபல்' ஆகிறது, பந்து 'பது' ஆகிறது, தம்பி 'தபி', பல்லி 'பலி', காற்று 'காறு'. கவனமில்லாத பிள்ளை என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுதி வரும்படி பள்ளியில் அனுப்புகிறார்கள். எழுதுகிறான். ஐந்து முறை சரியாக வரும், ஆறாவது முறை ஒற்று மறுபடியும் விழுந்துவிடும்.

காதைப் பரிசோதித்தோம், குறையில்லை. கண்ணிலும் குறையில்லை. பேச்சு மற்றும் மொழிப் பயிற்சியாளர் ஒருவர் இரண்டு நாள் அவனைச் சோதித்துவிட்டு, இது டிஸ்லெக்சியா (வாசிக்கவும் எழுதவும் கற்பதில் வரும் குறைபாடு) என்றும், அதன் அடியில் 'ஒலியன் உணர்வு' குறைவாக இருக்கிறது என்றும் எழுதிக் கொடுத்தார். இந்த இடம்தான் எனக்கு விளங்கவில்லை. பல்லி என்று திருத்தமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அந்தச் சொல்லில் இருக்கும் ஒலி தெரியாது என்றால் அதற்கு என்ன பொருள்? இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மாத்திரை எழுதியது:

வணக்கம் சகோதரி. பதினேழு ஆண்டுகளாகச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். முதல் சந்திப்பிலேயே பெரும்பாலான பெற்றோர் கேட்கும் கேள்வியைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

சாம்பாரைச் சுவைத்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்பவர்கள் எல்லோராலும், அதில் வெந்தயம் எவ்வளவு, பெருங்காயம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. நாக்குக்குத் தெரிகிறது, பிரித்தறியும் பழக்கம்தான் வேறாக இருக்கிறது. பேச்சும் அப்படித்தான். 'பல்லி' என்று சொல்லும்போது ப, ல், லி என்ற மூன்றும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து ஒரே ஓட்டமாக வருகின்றன. பேசுவதற்கும் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் அந்த ஓட்டத்தை யாரும் நிறுத்திப் பார்க்க வேண்டியதில்லை. எழுதுகிறவர் மட்டும் அதை நிறுத்தி, நடுவில் அரை மாத்திரை அளவே நிற்கிற அந்த 'ல்' என்பதைத் தனியே பிடித்து வெளியே எடுத்தாக வேண்டும். உங்கள் மகனுக்குப் பல்லி என்ற சொல் தெரியும், அதைச் சொல்லவும் தெரியும், அதனுள்ளே கையை விட்டு ஒரு துண்டை எடுக்க மட்டும் இன்னும் வரவில்லை. ஒலியன் உணர்வு என்று அறிக்கையில் எழுதியிருப்பது இதைத்தான்.

நீங்கள் தந்த பட்டியலை இரண்டு முறை படித்தேன். விழுந்தவை எல்லாமே சொல்லின் நடுவில் வரும் மெய்கள் என்பதைக் கவனியுங்கள். அவன் எழுதிய 'கபல்' என்பதில் கடைசி 'ல்' விழவில்லை. ஆகவே புள்ளி வைக்க மறந்துவிடுகிறான் என்ற விளக்கம் இங்கே பொருந்தாது. நடுவில் ஒரு மெய்யை அடுத்து உடனே இன்னொரு மெய் வரும்போது அவனுக்கு அது ஒன்றாகவே படுகிறது. எழுதப் பழகும் எல்லாப் பிள்ளைகளும் தொடக்கத்தில் இப்பிழையைச் செய்வார்கள், பெரும்பாலோரிடம் அது இரண்டாம் வகுப்புக்குள் தானே உதிர்ந்துவிடும். உதிராமல் நிற்கிற பிள்ளையிடம்தான் நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பிழைத்திருத்தும் ஆசிரியர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒன்றை இங்கேயும் சொல்கிறேன். ஒரு பிள்ளை இலையை 'எலை' என்றும், உடம்பை 'ஒடம்பு' என்றும், பழத்தைப் 'பளம்' என்றும் எழுதினால், அவன் காதில் விழுந்ததை எழுத்துக்கு எழுத்து அப்படியே இறக்கியிருக்கிறான். வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒலியுணர்வு நன்றாக இருக்கிறது, எழுத்துவழக்கு மட்டும்தான் பழக வேண்டும். 'ஒடம்பு' என்பதும் 'தபி' என்பதும் சிவப்பு மையில் ஒரே மாதிரிதான் தெரியும், இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இரண்டையும் பத்து முறை எழுதச் சொல்வது, காய்ச்சலுக்கும் கால்சுளுக்குக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பது போன்றது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். புளியங்கொட்டை பத்து எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைக் காட்டாமல், வாயால் மட்டும் ஒரு சொல்லைச் சொல்லி, அதில் எத்தனை துண்டு கேட்கிறதோ அத்தனை கொட்டையை வைக்கச் சொல்லுங்கள். மரம், படகு, பல்லி, தம்பி. பிறகு, 'பல்லி' என்பதில் 'ல்' என்பதை எடுத்துவிட்டால் மீதி என்ன என்று கேளுங்கள். அவன் என்ன செய்கிறான் என்று இங்கே எழுதுங்கள்.

எழுத்தாணி எழுதியது:

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சிறப்பாசிரியர் அம்மாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு இரண்டு ஐயங்கள் உண்டு, மனத்தில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இந்தக் கோட்பாடு ஆங்கிலத்தை வைத்துக் கட்டப்பட்டது. ஒரே எழுத்தை ஐந்து விதமாக உச்சரிக்கும் மொழியில் பிள்ளைகள் தடுமாறுவதில் வியப்பில்லை. தமிழில் எழுதியதை எழுதியபடி வாசிக்கலாம். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஐயமறக் கற்றுவிட்டால் உலகில் உள்ள எந்தத் தமிழ்ச் சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட முடியும். இரண்டாவது, எழுத்தைக் கற்காததால்தான் ஒலியைப் பிரிக்க வரவில்லை என்று ஏன் சொல்லக் கூடாது? நோயின் விளைவை நோயின் காரணம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கலாம் அல்லவா? மணலில் விரல் தேய எழுதிப் பழகிய காலத்தில் இப்படி ஒரு சொல்லையே நாங்கள் கேட்டதில்லை.

ஒலியலை எழுதியது:

ஐயாவின் இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இத்துறையே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதனோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறது. நான் பேச்சு மற்றும் மொழி நோயியல் படித்துவிட்டு இப்போது பயிற்சி அளிக்கும் பணியில் இருக்கிறேன்.

தொடக்கத்தில் எல்லோரும் கண்ணைத்தான் பார்த்தார்கள். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், வாய்மொழியாகவே பாடம் நடந்தால் பள்ளியிலேயே முதல் மாணவன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார், ஆனால் தன் பெயரையே 'பிரெசி' என்று எழுத்து மாற்றி எழுதினான். அதற்குப் 'பிறவிச் சொற்குருடு' என்று பெயர் வைத்தார்கள். எழுத்து தலைகீழாகத் தெரிகிறது என்று இன்றும் ஊரில் சொல்லப்படுவது அந்தக் காலத்து எண்ணத்தின் எச்சம்.

1970களில் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த இசபெல் லிபர்மனும் டொனால்ட் ஷாங்க்வைலரும் கேள்வியைக் காதின் பக்கம் திருப்பினார்கள். குழந்தைகளின் கையில் ஒரு சிறு மரக்குச்சியைக் கொடுத்து, சொல்லில் எத்தனை துண்டு இருக்கிறதோ அத்தனை முறை தட்டச் சொன்னார்கள். நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேரால் அசைகளைத் தட்ட முடிந்தது, தனித்தனி ஒலிகளை ஒருவரால்கூடத் தட்ட முடியவில்லை. முதல் வகுப்பின் முடிவில் 70 விழுக்காட்டுப் பேர் ஒலிகளையும் தட்டினார்கள். அப்படியென்றால் இடையில் பள்ளிதான் அதைக் கற்றுத் தந்ததா? ஐயா கேட்பதும் இதுதான்.

ஓரளவுக்கு ஆம். 1979இல் ஜோஸே மொராயிஸும் அவருடைய குழுவினரும் போர்த்துகல் நாட்டில் எழுத்தறிவு இல்லாத பெரியவர்களைச் சோதித்தபோது, ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்குவது அவர்களுக்குக் கிட்டத்தட்ட இயலாததாக இருந்தது. அதே ஊர்ச் சூழலில் வளர்ந்து, முதியோர் கல்வியில் எழுத்துப் படித்தவர்களுக்கு அது வந்தது. சீனாவில், வரிவடிவ எழுத்துகளை மட்டும் அறிந்தவர்களுக்கு இது வரவில்லை என்றும், ஒலிப்படி எழுதும் பின்யின் முறையையும் கற்றவர்களுக்கு வந்தது என்றும் 1986இல் கண்டார்கள். எழுத்து ஒலியுணர்வை வளர்க்கிறது என்பதில் இன்று கருத்து வேறுபாடே இல்லை.

ஆனால் எதிர்த்திசையிலும் ஓட்டம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் வாசிக்கத் தொடங்காத 403 குழந்தைகளைச் சோதித்து, 'இந்தச் சொற்களில் ஒலியால் சேராதது எது' என்ற விளையாட்டில் அவர்கள் பெற்ற மதிப்பெண், சில ஆண்டுகளுக்குப் பிந்தைய வாசிப்பை முன்கூட்டியே காட்டியது என்று 1983இல் எழுதினார்கள். பின்தங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு ஆண்டுகள் பயிற்சி தந்தார்கள். ஒலியை மட்டும் பயின்றவர்களை விட, அதோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் சேர்த்துப் பயின்றவர்களே நன்றாக முன்னேறினார்கள்.

நமக்கு நெருக்கமான சான்று பின்லாந்திலிருந்து வருகிறது. எழுதியதை எழுதியபடி வாசிக்கும் மொழி என்று ஐயா தமிழுக்குச் சொன்னது பின்னிய மொழிக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். தமிழைப் போலவே அங்கும் ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் பொருளை மாற்றும், நமக்குப் பலியும் பல்லியும் போல, கனமும் கன்னமும் போல. யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் ஹெய்க்கி லூட்டினென் குழுவினர், டிஸ்லெக்சியா உள்ள குடும்பங்களில் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். அக்குழந்தைகளுக்கு ஆறு மாத வயதில், 'அத்த' என்பது போன்ற ஒலியை இரட்டை மெய்யாக ஏற்பதற்கு மற்றக் குழந்தைகளை விட நீண்ட இடைவெளி தேவைப்பட்டது. ஆறு மாதக் குழந்தை எந்தப் பள்ளிக்கும் போகவில்லை, எந்த எழுத்தையும் கற்கவில்லை. 'விளைவைக் காரணமாக எண்ணுகிறோமோ' என்ற ஐயத்துக்கு என் பதில் இதுதான்.

தமிழ் எளிமையான எழுத்துமுறை என்பதால் நோய் வராது என்ற கருத்துக்கும் இதே நாடுகளே விடை. ஜெர்மன், இத்தாலி, பின்னிய மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் தவறில்லாமல் வாசிக்கக் கற்றுவிடுகிறார்கள், ஆனால் வேகம் மட்டும் வருவதில்லை. ஐந்து வரிக்குப் பத்து நிமிடம் என்று வைகைக்கரை எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

குறிஞ்சி எழுதியது:

நடுவில் புகுந்து கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு நான்கு வயது. ராஜாவை 'லாஜா' என்கிறாள், கடையைத் 'தடை' என்கிறாள். இவளுக்கும் பின்னால் வாசிப்பில் இடர் வருமா?

ஒலியலை எழுதியது:

நாக்கு ஒரு ஒலியை எழுப்பத் தாமதிப்பதும், மனம் ஒலிகளைப் பிரித்தறியத் தாமதிப்பதும் வேறு வேறு. 'ர' வராமை நான்கு வயதில் கவலைக்குரியது அன்று. ககரத்தை எல்லாம் தகரமாக ஒலிப்பது இந்த வயதிலும் நின்றிருந்தால் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. டோரத்தி பிஷப்பும் கேத்தரின் ஆடம்ஸும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மொழி வளர்ச்சியில் பின்தங்கியிருந்து ஐந்தரை வயதுக்குள் சீராகிவிட்ட குழந்தைகள் பிற்பாடு வாசிப்பில் பெரும்பாலும் தடுமாறவில்லை. எனவே இப்போதே பார்ப்பதில் பயன் உண்டு, இப்போதே பயப்படத் தேவையில்லை.

நெய்தல் எழுதியது:

எனக்கு நாற்பத்தொரு வயது. கட்டட வரைபடம் வரைவது தொழில். முப்பத்தாறாவது வயதில்தான் எனக்கு டிஸ்லெக்சியா என்று தெரிந்தது, அதுவும் என் மகளுக்காகப் போன இடத்தில்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எழுத்துகள் எனக்கு ஒருபோதும் ஆடவில்லை, புரளவில்லை. 'கொ' என்ற எழுத்தைப் பார்த்தால் அதில் கொம்பும் காலும் இருப்பது தெளிவாகவே தெரியும். அதற்கு உரிய ஒலி நினைவிலிருந்து வந்து சேரத்தான் ஒரு கணம் ஆகும். அடுத்த எழுத்துக்கு இன்னொரு கணம். சொல்லின் கடைசிக்கு வரும்போது முதல் எழுத்தின் ஒலி கைநழுவியிருக்கும். நடுவே யாராவது 'சீக்கிரம்' என்று சொன்னால் எல்லாமே போய்விடும். பள்ளியில் நான் வாசித்ததாக நினைத்த பலவற்றை, பக்கத்தில் இருந்தவன் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் ஒப்பித்திருக்கிறேன்.

இன்னொரு நினைவு. எங்கள் தெருவில் பிள்ளைகள் 'க' பாஷை பேசுவார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'க' சேர்க்க வேண்டும், 'வீடு' என்றால் 'கவீகடு'. என்னை விட மூன்று வயது சின்னவள் என் தங்கை, அதில் பொழிந்து தள்ளுவாள். எனக்கு இரண்டு எழுத்துச் சொல்லே வராது. ரகசியம் பேசுகிறார்கள், நான் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். அது விளையாட்டில் நேர்ந்த தோல்வி என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். வாசிப்பும் அதுவும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்று இந்த இழையைப் படித்தபோதுதான் புரிந்தது.

ஒலியலை எழுதியது:

நெய்தல் அவர்கள் சொன்ன 'ஒலி வந்து சேர ஒரு கணம்' என்பது இன்றைய ஆய்வின் மையக் கேள்வி. டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மனத்தில் ஒலிகளின் பதிவே மங்கலாக இருக்கிறதா, அல்லது பதிவு தெளிவாக இருந்தும் அதை எட்டும் வழிதான் குறுகலாக இருக்கிறதா? பெல்ஜியத்தின் லூவன் நகரில் பார்ட் பூட்ஸ் குழுவினர் பெரியவர்களின் மூளையைப் படம்பிடித்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை, பதிவு சிதையவில்லை, எட்டும் இணைப்புதான் வலுக்குறைந்திருக்கிறது என்ற பக்கம் சாய்ந்தது. விவாதம் முடியவில்லை. எல்லா டிஸ்லெக்சியாவுக்கும் ஒலியே ஒரே காரணம் என்று இன்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. நிறங்களையோ படங்களையோ வரிசையாக விரைந்து பெயர் சொல்லும் வேகம் தனியாகவே குறைந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு.

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பின் புளியங்கொட்டையை வைத்து உட்கார்ந்தோம். மரத்துக்கு இரண்டு வைத்தான். படகுக்கு மூன்று. பல்லிக்கு இரண்டு. தம்பிக்கும் இரண்டு. 'தம்பி'யை மெதுவாக, 'ம்' என்பதை நீட்டிச் சொன்னேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், 'அம்மா, நடுவில் வாயை மூடுகிறாய்' என்றான். அதற்கு ஒரு கொட்டை வைக்கலாமா என்று கேட்டதற்கு, 'அது சத்தம் இல்லையே, வாயை மூடுவதுதானே' என்று சொல்லிவிட்டான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பத்து முறை எழுதச் சொல்லி இவனை நானும் திட்டியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்து தூக்கமே வரவில்லை.

எழுத்தாணி எழுதியது:

அந்தச் சிறுவனின் பதிலைப் படித்தபின் நான் முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாயை மூடுவது ஒரு எழுத்து என்று கண்டுபிடித்ததுதான் நம் இலக்கணத்தின் பெரிய சாதனை. தனித்து ஒலிக்க இயலாத ஒன்றை உயிரிலிருந்து பிரித்தெடுத்து, அதற்கு 'மெய்' என்று பெயரிட்டு, தலையில் புள்ளியும் வைத்து, அரை மாத்திரை என்று அளவும் சொன்னார்கள். தொல்காப்பியர் கண்ணிமைக்கும் நேரத்தை அளவுகோலாகக் கொண்டு சொன்ன அந்த அளவை நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் மனப்பாடமாகவே நடத்தினேன். க் கூட்டல் அ என்றால் க என்று கரும்பலகையில் எழுதினேன், ஒரு பிள்ளையையாவது வாயைத் தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. பிரித்துக் காட்டும் அறிவு நம் எழுத்திலேயே இருக்கிறது. அதை நாங்கள் அட்டவணையாக்கி ஒப்பிக்க வைத்துவிட்டோம்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி வைப்பதில்லை, ஓலை கிழிந்துவிடும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாட்டை வீரமாமுனிவர்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைநிறுத்தினார். அதற்கு முந்தைய சுவடியைப் படித்தவர், எது ஒற்று, எது குறில் என்பதைத் தம் காதிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றைக்கு வாசிக்க வராமல் போன பிள்ளைகள் எத்தனை பேர் மாடு மேய்க்கப் போனார்களோ! 'எங்கள் காலத்தில் இல்லை' என்று நான் எழுதியது சரியன்று, எங்கள் காலத்தில் அவர்கள் வகுப்பில் இல்லை.

வைகைக்கரை அம்மாவுக்கு ஒரு யோசனை. புளியங்கொட்டைக்குப் பதிலாக வறுத்த நிலக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். தோலை நீக்கினால் அது தானே இரண்டாகப் பிளக்கும். குறிலுக்கு முழுக்கடலை ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்குப் பாதி. வாயை மூடுவது முழுச் சத்தம் இல்லை என்று பையன் சொன்னது உண்மைதானே? அதற்குப் பாதிக் கடலையை வைக்கட்டும்.

மாத்திரை எழுதியது:

ஐயாவின் கடலை யோசனையை இன்று காலையே என் வகுப்பில் செய்து பார்த்தேன். நன்றி ஐயா. சகோதரி, நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். அவன் உங்கள் உதட்டைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு வரி, பல மாதப் பயிற்சிக்குப் பின் சில பிள்ளைகளிடம் நான் கேட்கக் காத்திருக்கும் வரி.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாய்விளையாட்டோடு நின்றுவிடாதீர்கள். ஒலியைப் பிரித்த கையோடு எழுத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும், அதுதான் பயன் தருகிறது என்பதை மேலே சொன்ன ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வும் பின்னால் வந்தவையும் காட்டுகின்றன. கடலையை வைத்தவுடன், அந்தந்தக் கடலைக்குக் கீழே எழுத்தட்டையை அவனே வைக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். முதலில் பலி, பல்லி என்று இணை இணையாக. பிறகு மெல்லினமும் வல்லினமும் சேரும் சொற்கள், பந்து, தம்பி, சங்கு. அவை கடினம், அவசரப்பட வேண்டாம்.

அடுத்த படி உயிர்மெய்யைப் பிரிப்பது. நம் எழுத்தில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலியில் அது பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கின்றன. ஒலியை வரிசையாகப் பிரிக்கவே சிரமப்படும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், அசையுணர்வு முந்தி வருவதும் ஒலியன் உணர்வு மெதுவாகவே வளர்வதும் தெரியவந்தது. நம் எழுத்துகளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆகவே ஆங்கிலப் பிள்ளைகளுக்கு வகுத்த வயது அட்டவணையை அப்படியே நம் பிள்ளைகளின்மேல் வைத்துப் பார்க்கக் கூடாது.

ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழில் வல்லினத்தின் அழுத்த ஒலியும் அதிர்வொலியும் ஒரே எழுத்துக்குள் அடங்கும். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி'தான். 'பேட்' என்று எழுதிவிட்டால் அது கிரிக்கெட் மட்டையா, எழுதும் அட்டையா என்று நமக்கே தெரியாது. தமிழ்வழிப் பிள்ளை இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் அதை உடனே டிஸ்லெக்சியா என்று எழுதிவிடும் அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிழை தாய்மொழியின் ஒலியமைப்பிலிருந்து வருகிறது. சோதனை முதலில் தமிழில் நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் இந்திய மொழிகளுக்கென்று வெளியிட்ட சோதனைத் தொகுப்பின் முதல் நான்கு மொழிகளில் தமிழ் இல்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

பள்ளியிடம் பேசும்போது தயங்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், டிஸ்லெக்சியா அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகையையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சலுகையாகக் கெஞ்ச வேண்டியதில்லை. பத்து முறை எழுதும் தண்டனையை நிறுத்தச் சொல்லி எழுத்து மூலமாகவே கேளுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். எழுதிக் கொடுத்தேன், பத்து முறை எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். வாசிப்பு வேகம் கூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பலி, பல்லி இரண்டையும் இப்போது குழப்புவதில்லை. கப்பலுக்கு முழுக்கடலை இரண்டும் பாதி இரண்டும் சரியாக வைக்கிறான்.

எழுத்தாணி ஐயாவிடம் ஒரு சந்தேகம். நேற்றுப் 'பந்து' என்று சொன்னேன். 'ப' என்பதற்கு முழுக்கடலை, 'ந்' என்பதற்குப் பாதி வைத்தான். 'து' என்பதற்கும் பாதிதான் வைத்தான். குறில் என்றால் முழுக்கடலை அல்லவா என்று கேட்டேன். 'நீயே சொல்லிப் பார், அது பாதிதான் கேட்கிறது' என்று பிடிவாதமாக நின்றான். நான் திருத்தவா, விடவா?

எழுத்தாணி எழுதியது:

திருத்தாதீர்கள் அம்மா. சொல்லின் இறுதியில் வல்லினத்தின்மேல் ஏறி வரும் அந்த உகரம் குற்றியலுகரம். அதற்கு அளவு அரை மாத்திரை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நூற்பாவைச் சொல்லி நான் நடத்திய பாடம் அது. உங்கள் மகன் அதைக் காதால் கேட்டு வைத்திருக்கிறான்.